நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு தட்டு

போன மாதம் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் முத்தியால்பேட்டையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்களைக் கேட்டு எழுதுகிறார்களாம்.

"இப்பல்லாம் புரோகிராமுக்கு மிஷினே நம்பர் போட்டுடுதுக்கா. நாப்பது எழுத்து நீளம். புரோகிராம்ல ஒரு கமா மாறினாக்கூட நம்பர் வேற ஆயிடும். ஒரே நம்பர்ல ரெண்டு இருக்கவே முடியாது" என்றாள் ஒருத்தி.

"உங்க காலத்துல யாருக்கா நம்பர் போட்டது?" என்றாள் மற்றவள்.

"நான்தான்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் கூட்டிப் பெருக்கிய கோவிந்தம்மா. பெருக்கியது உண்மைதான். ஆனால் எட்டு வருஷம் அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. அந்த அலமாரியில் நடந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். மலரில் போடுவார்களா, மாட்டார்களா, அது அவர்கள் பாடு. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எழுதியதை அன்றன்றே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பெயரைக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போடுவேன். எழுத்துதான் வராதே தவிர, நம்பர் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் நம்பர், ரேஷன் கார்டு நம்பர், தெருவில் யார் வீட்டுக் கதவு எண் என்ன, எல்லாம் ஒரு முறை பார்த்தால் மனதில் நிற்கும். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். அவர் போன பிறகு இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில் இந்த கம்பெனியில் பெருக்கவும் டீ கொடுக்கவும் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கம்பெனி. பதினைந்து பேர் இருந்தார்கள்.

ஒரு வருஷம் போனதும் முதலாளிக்கு பிரான்ஸிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வெர்ஷனையும் நம்பர் போட்டுப் பாதுகாக்க வேண்டும், எப்போது கேட்டாலும் அதே வெர்ஷனை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதுவரை எங்கள் ஆபீசில் சிடிக்கள் மேசை டிராயரில் பிஸ்கட் பாக்கெட்டோடு கிடந்தன. முதலாளி யோசித்து ஒருவரைக் கூட்டிவந்தார். அவர்தான் அந்துவான் ஐயா.

ஐயா அப்போதே அறுபத்தைந்து தாண்டியவர். பிரெஞ்சுக்காரர் ஊரை விட்டுப் போவதற்குச் சற்று முன்னால் பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு நகராட்சியில் அதே வேலையில் ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். பேச வேண்டுமென்றால் முதலில் பேனாவை மூடுவார், அப்புறம்தான் வாய் திறப்பார். யாரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. தப்பாக ஒன்றைச் சொன்னால், அதே கேள்வியை மறுபடியும், முதலில் கேட்ட அதே குரலில் கேட்பார். மூன்றாம் முறை கேட்பதற்குள் நமக்கே வியர்த்துவிடும். சரியாக இருந்தால் "பியேன்" என்பார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தமாம். ஒரு நாளைக்கு ஒரு பியேன் கிடைத்தால் அதிகம்.

முதல் நாளே ஐயா ஒரு இரும்பு அலமாரியும் ஒரு பெரிய ரிஜிஸ்டரும் கேட்டார். பிறகு, கூட ஒரு ஆள் வேண்டும் என்றார். முதலாளி படித்த பெண் ஒருத்தியைக் காட்டினார். ஐயா என்னைப் பார்த்தார். நான் அப்போது டீ கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், காதுகளெல்லாம் ஒரே பக்கமாகப் பார்க்கும்படி.

"இவங்க போதும்" என்றார்.

வேலை இதுதான். ஒரு புரோகிராமை வெளியே அனுப்பும்போது அதை இரண்டு தட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். சிடியை நான் தட்டு என்றுதான் சொல்வேன். ஐயா ரிஜிஸ்டரில் அடுத்த நம்பரைத் திறப்பார். நான் இரண்டு தட்டிலும் அந்த நம்பரை மார்க்கர் பேனாவால் எழுதுவேன். வெள்ளிப் பக்கத்தில் எழுதக் கூடாது, மை உள்ளே அரித்துவிடும். நடுவில் கண்ணாடி போல ஒரு வளையம் இருக்கும், அங்கேதான் எழுத வேண்டும். ஒரு தட்டு வாடிக்கையாளருக்கு, ஒரு தட்டு அலமாரிக்கு. கடல் காற்று உப்புக் காற்று. அலமாரி பூஞ்சை பிடிக்காமலிருக்க அரிசியை வறுத்துத் துணியில் மூட்டை கட்டி ஒவ்வொரு அடுக்கிலும் வைப்பேன். வாரம் ஒரு முறை மாற்றுவேன். அது என் யோசனை. ஐயா பார்த்துவிட்டு பியேன் என்றார்.

ரிஜிஸ்டரில் ஆறு கட்டம். நம்பர், தேதி, யார் கொண்டுவந்தது, எங்கே போகிறது, போன நம்பரிலிருந்து என்ன மாற்றம், கையெழுத்து. முதல் கட்டத்தையும் இரண்டாவதையும் நான் எழுதுவேன். அதற்கு மேல் ஐயா எழுதுவார். எனக்கு எழுத வராது என்று அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரிஜிஸ்டரை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். நான் எழுதித்தான் எல்லாம் நடக்கிறது என்று ஆபீசில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

சட்டம் ஒன்றே ஒன்று. "பொறந்த புள்ளைக்கு ஒரு நம்பர் குடுத்தா, அது அந்தப் புள்ளைக்குத்தான். புள்ள செத்துப்போனாலும் அந்த நம்பர இன்னொரு புள்ளைக்குக் குடுக்கறதில்ல" என்பார். அதே போலத்தான் தட்டும். ஒரு எழுத்து மாறினாலும் புது நம்பர். உடைந்தாலும், யாருக்கும் பயன்படாவிட்டாலும், நம்பர் போட்ட தட்டு அலமாரியை விட்டு வெளியே போகக் கூடாது. நம்பர் போடுவதற்கு முன்பே கெட்டுப்போன தட்டுகள் மட்டும் குப்பை. அவற்றை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை வாங்கிக்கொள்வாள். பிள்ளைச்சாவடியில் அவள் கருவாடு காயவைக்கும் இடத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டால் பளபளப்பைப் பார்த்துக் காக்கா வராதாம்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. நானூறைத் தாண்டினோம்.

நானூற்றுப் பன்னிரண்டு டவுனில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனது. குழந்தையின் எடையைத் தட்டினால் ஊசி மருந்து எவ்வளவு போட வேண்டும் என்று திரையில் காட்டும் புரோகிராம். திரையின் அடியில் 412 என்ற நம்பரும் தெரியும். நர்ஸ் மருந்துச் சீட்டில் அளவையும் எழுதி, அந்த நம்பரையும் எழுத வேண்டும். அதுவும் ஐயா சொல்லி வந்த வழக்கம்தான்.

அது போய் ஒரு மாதம் இருக்கும். ஐயாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் வரமாட்டார். சாவியை என்னிடம் கொடுத்தார். "அவசரம்னு யார் வந்தாலும் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்க. பொறுக்க முடியலன்னா புது நம்பர் போட்டு, அஞ்சாவது கட்டத்த யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்க. நான் வந்து கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்றார்.

சாவியோடு நான் ஆபீசில் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஆபீஸில் வேலை பார்த்த பெண்கள் "அலமாரி எசமானி வராங்க, வழிவிடுங்கடி" என்பார்கள். நான் கோபப்படுவது போல முறைப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

நாலாம் நாள் சுரேந்தர் வந்தான். அந்த ஆஸ்பத்திரி புரோகிராமை எழுதியவன். கையில் இரண்டு புதுத் தட்டு.

"கோவிந்தம்மாக்கா, இதுக்கு நானூத்திப் பன்னண்டுன்னு போட்டுக் குடுங்க. சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அந்த நம்பர் போயிடுச்சே. அடுத்தது நானூத்திப் பத்தொம்போது."

"அதே புரோகிராம்தான்க்கா. ஒரு வரி மாத்தியிருக்கேன். அதுக்குப் போயி புது நம்பரா?"

"ஒரு எழுத்து மாறினாலும் புது நம்பர்தான். ஐயா சொல்லியிருக்காரு."

அவன் சிரித்தான். சத்தமாகச் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் விரித்து, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தான். "சரி, எழுதுங்க. இன்னா மாத்தம்னு நான் சொல்றேன், நீங்க உங்க கையால எழுதுங்க. எசமானி நீங்கதானே?"

பக்கத்து மேசையில் அந்தப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தை, இங்கே வந்து இதை எழுதிக்கொடும்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஐயா சொல்லிவிட்டுப் போனதும் அதைத்தான். என் வாய் திறக்கவில்லை. மூன்று வருஷமாக நான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் எனக்கு எழுத வராது என்று எப்படிச் சொல்வது?

பழைய நம்பர் என்றால் புது வரி வேண்டாம். கட்டம் ஏற்கனவே நிரம்பியிருக்கிறது.

"சின்ன மாத்தந்தானே" என்றேன். மார்க்கரை எடுத்து இரண்டு தட்டிலும் 412 என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன். ஒன்றை அவன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனான். இன்னொன்றை அலமாரியில் வைத்தேன்.

வைத்த பிறகுதான் தெரிந்தது, ஒரே இடத்துக்கு இரண்டு தட்டு. ஐயா திரும்பி வந்து பார்த்தால் மூன்று முறை கேட்பார். பழையதை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டேன். மறுநாள் காலை அஞ்சலை மீன் கூடையோடு வந்தபோது, கெட்டுப்போன தட்டுகளோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

ஐயா பச்சைக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். அலமாரியைப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பியேன் என்றார்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஆபீஸ் வாசலில் ஒரு பெண் நின்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ், பெயர் செல்வி, ரெட்டியார்பாளையத்துக்காரி. முதலாளியைப் பார்க்க வந்தவளை அவர் பார்க்கவில்லை. வெயிலில் வந்தவளாயிற்றே என்று நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். என்னை யார் என்று தெரிந்து சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு.

குறைமாதத்தில் பிறந்த ஒன்றரைக் கிலோ குழந்தை. திரையில் காட்டிய அளவைச் சீட்டில் எழுதி ஐந்து நாள் ஊசி போட்டிருக்கிறாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது கதவைத் தட்டினாலும் கை தட்டினாலும் திரும்புவதில்லை. காது போய்விட்டது. மருந்து அளவுக்கு மிஞ்சியதுதான் காரணம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்த எடையை மறுபடி தட்டிப் பார்த்தால் திரையில் சரியான அளவு வருகிறது. இங்கே அலமாரியில் இருக்கும் தட்டைப் போட்டுப் பார்த்தாலும் சரியான அளவுதான் வருகிறது. சீட்டில் 412, திரையில் 412, அலமாரியில் 412. அப்படியென்றால் தப்பாக எழுதியவள் அவள்.

"நான் தப்பா எழுதலக்கா. பார்த்துப் பார்த்து எழுதினேன். ரெண்டு தடவ பார்த்தேன். சின்னப் புள்ளன்னு பயந்துகிட்டே பார்த்தேன்" என்றாள்.

"அந்த ஊசி போட்டது எப்பம்மா?"

அவள் சொன்ன நாளை நான் விரல் விட்டுப் பார்த்தேன். சுரேந்தர் இரண்டு தட்டோடு வந்ததற்கு முந்தின வாரம்.

அன்றைக்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பிள்ளைச்சாவடிக்கு பஸ் ஏறினேன். அஞ்சலை பாய் விரித்துக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கயிற்றில் நாற்பது, ஐம்பது தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, காக்கா ஓட்டறதுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க வந்தியா?"

"ஒண்ணே ஒண்ணுடி. நம்பர் போட்டது."

"எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு கெடக்கு, அதுல நம்பராம் நம்பர். உன் ஆபீசுல வேற வேலையே இல்லையா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். அவளே ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள்.

கிடைத்தது. நடு வளையத்தில் என் கையால் எழுதிய 412 அழியாமல் இருந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெள்ளி உரிந்து உரிந்து, தட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் கடல் தெரிந்தது.

மறுநாள் காலை அதை ஐயாவின் மேசைமேல் வைத்தேன். அவர் பேனாவை மூடினார்.

"இது எந்த நம்பர்?"

"நானூத்திப் பன்னண்டு."

"அலமாரியில இருக்கறது?"

"அதுவும் நானூத்திப் பன்னண்டுங்க."

மறுபடி கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை என் கையில் கொடுத்ததையும், நான் வாய் திறக்காததையும் சொன்னேன். அவர் அந்தத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, 412ஆம் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். இந்த நம்பரில் இரண்டு தட்டுகள் உள்ளன, இரண்டும் ஒன்றல்ல, முதலாவது அழிந்தது. கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் கூட்டிக் கூட்டிப் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். பெரிய டாக்டர், எங்கள் முதலாளி, சுரேந்தர், ஐயா, நான். செல்வியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சுரேந்தரைக் கேட்டார்கள்.

"திரையில எழுத்து சின்னதா இருந்துச்சு, பெருசாக்கினேன். அந்த ஒரு வரிதான் சார்" என்றான்.

பழையது அவன் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று ஐயா கேட்டார். அதன் மேலேயே புதியதை எழுதிவிட்டேன் என்றான். ஆஸ்பத்திரியில் இருந்த பழைய தட்டு? உடைத்துப் போட்டுவிட்டானாம். அவன் உண்மையைச் சொன்னானா, பொய் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடியது அலமாரியில் இருந்த பழைய தட்டு ஒன்றே ஒன்றுதான், அதை நான் காக்காய்க்குக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு தட்டு இருந்துச்சுன்னு சொல்றீங்க, சரிம்மா. முதல் தட்டுல இன்னா இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"நம்பர் எனக்கு நல்லா தெரியும்" என்றேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

ஐயா எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு நம்பருக்கு ரெண்டு ஆள் இருந்தா, அந்த நம்பர வச்சு யாரையும் குத்தவாளின்னு சொல்லக் கூடாது, டாக்டர் முசியே. அந்தச் சீட்டுல எழுதியிருக்கற நானூத்திப் பன்னண்டு எதுன்னு யாருக்கும் தெரியாது."

"இது பிறப்புச் சர்டிபிகேட் இல்ல சார். ஒரு குழந்தையோட காது. இந்த ஆயாம்மா பேச்ச வச்சு நான் அந்தத் தாய்க்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் டாக்டர். கெட்டவர் இல்லை அவர். களைத்துப்போயிருந்தார்.

செல்வியை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணத்தைக் காகிதத்தில் எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? சுரேந்தர் சில மாதத்தில் பெங்களூருக்குப் போய்விட்டான். ஐயா அந்த மாதத்தோடு நின்றுவிட்டார். என்னை நீக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பிறகு நான் ஐந்தாவது கட்டத்துக்கு வரும்போதெல்லாம், "எனக்கு எழுத வராது, யாராவது வாங்க" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவேன். எதற்கு இவ்வளவு சத்தம் என்று அந்தப் பெண்களுக்குப் புரியாது.

விசாரணை முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் ரெட்டியார்பாளையத்துக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு சந்து. வாசலில் செல்வி இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் யார், அலமாரியில் என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன்.

அவள் கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. அன்னிக்கு ஸ்கிரீன்ல நான் பார்த்தது நெசந்தானே? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. கண்ண மூடினா ஒரு நாளு நான் எழுதின அளவு தெரியுது. இன்னொரு நாளு வேற தெரியுது. நான்தான் மாத்தி எழுதிட்டேனா?"

ஆமாம்மா, நீ பார்த்தது நிஜம்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொன்னால் அவள் அன்றைக்குத் தூங்கியிருப்பாள். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதி வைத்ததுதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"ரெண்டு தட்டு இருந்துச்சும்மா. அத ஒண்ணாக்கினது நான். உள்ள இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு கிழட்டுக் குரல், அவள் அம்மாவாக இருக்க வேண்டும், "யாரு செல்வி அது, ரொம்ப நேரமா?" என்று கேட்டது.

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு பையில் மாவை ஊற்றி, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"மாவு வாங்க வந்தவங்கம்மா" என்று சொல்லி, அதை என் பக்கம் நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.